பாடி மாற்றிய நகல் கிட் கார்கள்: மதிப்பும் சட்டப் பதிவும்

சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரணக் காரின் சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, மேலே இருந்த பாடியைக் கழற்றிவிட்டு, புகழ்பெற்ற வேறொரு காரின் தோற்றத்தில் புதிய பாடியைப் பொருத்தினால் கிடைப்பதே பாடி மாற்றிய நகல் கார். இதற்கான பாகங்கள் ஒரு தொகுப்பாக விற்கப்படுவதால் கிட் கார் என்ற பெயர் வந்தது. பாடி பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனது. பழைய பாகங்களைத் தரும் காரை டோனர் கார் என்பார்கள். கரூர்ப் பட்டறைகளில் லாரி, பேருந்து சேஸிஸ்மீது பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வேலையின் அடிப்படை எளிதில் விளங்கும். அங்கே வந்து நிற்கும் சேஸிஸ் புதியது. இங்கே அது ஏற்கெனவே ஒரு பெயரிலும் எண்ணிலும் பதிவாகி ஓடியது.

எல்லாச் சிக்கலும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளம்புகிறது. பாடி மாறிய பின் அது எந்தக் கார்? எந்த ஆண்டுக் கார்? பழைய பதிவெண்ணை அது வைத்துக்கொள்ளலாமா? அசலை வடிவமைத்த நிறுவனம் தடுக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே விற்பனை நாளில் விலையையும் பெருமளவு தீர்மானிக்கிறது. இத்தொழில் செழித்த பிரிட்டனும் அமெரிக்காவும் அவற்றுக்கு இருவேறு வழிகளில் விடை தேடியிருக்கின்றன.

வகைகள்

கிட் கார்கள் எல்லாம் நகல்கள் அல்ல. 1964-இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய மேயர்ஸ் மாங்க்ஸ் என்ற மணல்வெளிக் கார் எதையும் போலச் செய்யாத சொந்த வடிவம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் இன்ஜினும் சக்கரங்களும் அதற்கு உயிர் கொடுத்தன. லோட்டஸ் செவன் 1957 முதல் கிட்டாகவும் விற்கப்பட்டது. அதுவும் அசல் வடிவமே.

நகல்களில் இரண்டு வகை உண்டு. முதலாவதில் கிட் நிறுவனமே குழாய்களால் ஆன புதிய சேஸிஸைத் தருகிறது. டோனர் காரிலிருந்து இன்ஜின், ஆக்சில், ஸ்டியரிங் போன்றவை மட்டும் வருகின்றன. ஏ.சி. கோப்ராவின் நகல்கள் பெரும்பாலும் இவ்வகை. பிரிட்டனில் ஜாகுவார் எக்ஸ்.ஜே.6, ஃபோர்டு சியரா ஆகியவற்றின் பாகங்களும், அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங்கின் பாகங்களும் அவற்றுள் ஓடுகின்றன.

இரண்டாவதே உண்மையான பாடி மாற்றம். இதில் டோனர் காரின் அடிப்பகுதி முழுதாக அப்படியே இருக்கும். போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல்கள் பீட்டிலின் தரைச்சட்டத்தில் அமர்கின்றன. ஃபெராரி 355-ஐப் போன்ற பாடி, இன்ஜின் நடுவில் உள்ள டொயோட்டா எம்.ஆர்.2-இன் மேல் ஏறுகிறது. டாட்சன் 240 இசட் வகைக் கார்களின் நீண்ட முன்பகுதி ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் சாயலுக்கு இடம் கொடுத்தது.

இவற்றில் போன்டியாக் ஃபியரோ தனிச்சிறப்பு உடையது. 1984 முதல் 1988 வரை வந்த இந்தக் காருக்கு எஃகுச் சட்டகமே முழு வலிமையும் தந்தது. வெளியே தெரிந்த பிளாஸ்டிக் தகடுகள் திருகி மாட்டப்பட்டவை. தகடுகளைக் கழற்றி வேறு தகடுகளை மாட்டினால், சட்டகத்தில் ஒரு கீறலும் இல்லாமல் காரின் முகமே மாறிவிடும்.

தொழில் வளர்ந்த கதை

பிரிட்டனில் கிட் கார்களை வளர்த்தது முதலில் வரிச் சட்டம். முழுதாகக் கட்டிய புதிய காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. லோட்டஸ் உள்ளிட்ட சிறு நிறுவனங்கள் இதை நன்றாகப் பயன்படுத்தின. 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை மறைந்தது. லோட்டஸ் கிட் விற்பனையிலிருந்து விலகியது. செவனின் உரிமை அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது.

வரிச்சலுகை போன பிறகும் தொழில் படுக்கவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியது துரு. 1970-களின் பிரிட்டிஷ் கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருக்கும்போதே பாடி துருப்பிடித்து, ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் தோற்றுவிடும். அப்படி ஒதுக்கப்பட்ட ஃபோர்டு கார்ட்டினாவையும் எஸ்கார்ட்டையும் குறைந்த விலைக்கு வாங்கி, துருவே பிடிக்காத கண்ணாடியிழைப் பாடிக்குள் பாகங்களை மாற்றுவது சிக்கனமான பொழுதுபோக்காக மாறியது. 1980-களில் இது உச்சம் தொட்டது. கார் நிறுத்தும் கொட்டகையில் இரவும் வார இறுதியும் உழைத்து, சொந்தக் கையால் ஒரு காரை எழுப்பி ஓட்டிய அந்த மனிதர்களின் திறமைக்கு எந்தத் தொழிற்சாலையின் முன்னும் தலைநிமிரும் தகுதி உண்டு.

அடையாளம் எங்கே இருக்கிறது?

பாகங்கள் மாறிக்கொண்டே போனால் கார் அதே கார்தானா என்ற கேள்வி 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. வழக்கின் பொருள், 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். 1932-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி உயிரிழந்த கொடிய விபத்தில் அது நொறுங்கியது. பின்னர் மூடிய கூபே பாடியுடன் மறுபிறவி எடுத்தது. இன்ஜினும் சேஸிஸும் வெவ்வேறு காலங்களில் மாறியிருந்தன. சுமார் 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் நிறுவனம், இது அசல் இல்லை என்று பின்வாங்கியது.

பந்தயம் ஓடிய நாளின் பாகங்கள் மிகக் குறைவாகவே எஞ்சியிருந்தன. ஆனாலும் நீதிபதி ஓட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். அந்தக் கார் ஒரு கட்டத்திலும் அழிந்துபோய் வேறொன்று அதன் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அறுபடாத வரலாற்றுக்குள் நடந்தன என்பதே தீர்ப்பின் சாரம்.

நகல் கிட் காருக்கு அந்த வரலாறு கிடையாது. கோப்ரா போலத் தோன்றும் காரின் உண்மையான வரலாறு ஒரு சியராவினுடையது. ஸ்பீட்ஸ்டர் போலத் தோன்றும் காரின் வரலாறு ஒரு பீட்டிலினுடையது. பதிவு அலுவலகம் கேட்பதும் அந்த வரலாற்றைத்தான்.

பிரிட்டனில் பதிவு

பிரிட்டனில் வாகனப் பதிவைக் கவனிப்பது வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீயிலிருந்து இயங்கும் டி.வி.எல்.ஏ. முகமை. ஏற்கெனவே உள்ள வாகனத்தில் கிட் பாகங்களைச் சேர்த்துத் தோற்றத்தை மாற்றுவதை அது ‘கிட் மாற்றம்’ என்று வகைப்படுத்துகிறது. அதற்கு மூன்று விதமான பதிவெண்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

டோனர் காரின் சேஸிஸோ மோனோகாக் கூடோ வெட்டுப்படாமல் அப்படியே இருந்து, அதோடு அதே காரின் இரண்டு முக்கியப் பாகங்களும் இருந்தால், பழைய பதிவெண்ணே தொடரும். மோனோகாக் என்பது சேஸிஸும் பாடியும் ஒரே உடலாக அமைந்த கட்டுமானம். சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், இன்ஜின் போன்றவை முக்கியப் பாகங்கள்.

சேஸிஸ் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், அல்லது கிட் நிறுவனம் தந்த புதிய சேஸிஸ் என்றால், இரண்டு முக்கியப் பாகங்களின் மூலத்தை நிரூபித்து, டோனர் காரின் வயதைக் காட்டும் வேறு பதிவெண்ணைப் பெறலாம். அதற்கு முன் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும்.

பாகங்கள் எந்தக் காரிலிருந்து வந்தன என்று காட்ட முடியாவிட்டால் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் எண்தான். இதற்கும் சோதனை உண்டு. 1983-இல் அறிமுகமான இந்த எழுத்து, வாகனத்தின் வயதோ மூலமோ உறுதியில்லை என்பதைச் சாலையில் செல்லும் எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறது.

எல்லாப் பாகங்களும் புதியவை என்றால் அது கிட் மாற்றம் ஆகாது. ‘கிட்டால் கட்டிய வாகனம்’ என்ற வேறு வகையில் புதிய எண்ணைப் பெறும்.

கிட் எதுவும் இல்லாமலே பெரிதாக மாற்றப்பட்ட வாகனங்களுக்கு நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. மாற்றப்படாத சேஸிஸுக்கோ மோனோகாக்குக்கோ 5 புள்ளிகள். சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு 1 மட்டுமே. மொத்தம் 8 வந்தால் பழைய எண் தங்கும். காரின் இதயம் என்று பலரும் நினைக்கும் இன்ஜினைச் சட்டம் கடைசி இடத்தில் வைத்தது. ஒரு வாகனத்தின் அடையாளம் அதன் எலும்புக்கூட்டில் இருக்கிறது என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. அதே அளவுகளில் புதிதாகச் செய்த மாற்றுக் கூட்டுக்கும், ரசீது காட்டினால், அந்த 5 புள்ளிகள் கிடைத்தன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்.ஜி.பி. காருக்கு வெளியிட்ட புதிய கூடுகள் பல பழைய கார்களுக்கு வாழ்வளித்தது இந்த வழியில்தான்.

எம்.ஆர்.2-வை எடுத்துக்கொண்டால் இந்த விதிகளின் கூர்மை புரியும். வெளித் தகடுகளை மட்டும் மாற்றி ஃபெராரியின் சாயலைக் கொண்டுவந்தால், மோனோகாக் அப்படியே இருக்கிறது. பதிவுச் சான்றில் அது டொயோட்டாவாகவே தொடரும். அசலின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று கூட்டை வெட்டி நீட்டினாலோ, கூரைத் தூண்களை அறுத்துத் திறந்த காராக்கினாலோ அந்த உரிமை போய்விடும். பீட்டிலின் தரைச்சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கிக் கட்டிய மணல்வெளிக் கார்கள் பலவற்றுக்கும் இதே இக்கட்டு வந்தது. மேயர்ஸ் மாங்க்ஸின் புகழ்பெற்ற வடிவமே தரைச்சட்டத்தை ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் குறைத்து அமைத்ததுதான்.

2025 ஆகஸ்டு 26 முதல் டி.வி.எல்.ஏ. தன் கொள்கையைத் தளர்த்தியது. முன்பிருந்த தோற்றத்துக்கே திருப்பும் பழுதுபார்ப்புகளைத் தெரிவிக்கத் தேவையில்லை. கட்டமைப்பில் பெரிய மாற்றம் செய்த வாகனங்களும், அதைத் தெரிவித்துவிட்டால், பழைய அடையாளத்தைத் தக்கவைக்க வழி பிறந்தது. தோற்றத்தையே மாற்றும் நகல் கார்களுக்குத் தெரிவிக்கும் கடமை நீங்கவில்லை.

தனி வாகன ஒப்புதல் சோதனை

ஐ.வி.ஏ. எனப்படும் இச்சோதனை 2009-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1998 முதல் எஸ்.வி.ஏ. என்ற சோதனை இருந்தது. பிரேக், புகை, ஒலி, கண்ணாடிகள், இருக்கைப் பட்டை மாட்டும் இடங்களின் உறுதி, வேகமானியின் துல்லியம் என்று சோதனை அலுவலர் காரைத் தலை முதல் கால் வரை பார்க்கிறார்.

நகல் கார்களைப் பெரும்பாலும் தடுக்கி விழச் செய்வது கூர்முனை விதி. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளத்தைக் காரின் வெளிப்புறத்தில் உருட்டினால், அது தொடும் விளிம்புகளின் வளைவு ஆரம் பொதுவாக 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 1950, 60-களின் பந்தயக் கார்களுக்கு அழகு தந்தவை பலவும் இந்த விதிக்கு எதிரிகள்: சக்கர நடுவில் காது நீட்டிய திருகுகள், மெல்லிய உலோக விளிம்புகள், டேஷ்போர்டில் துருத்தி நிற்கும் சுவிட்சுகள். பாதசாரியின் காலையும் பயணியின் முழங்காலையும் காப்பதற்காக வந்த விதி அது. கட்டுபவர் அசலின் தோற்றத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஒவ்வோர் அங்குலத்திலும் சமரசம் தேட வேண்டியிருக்கிறது.

தேறிய பிறகும் ஒரு பலன் கைகூடாமல் போகலாம். 2018 மே முதல் பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. கியூ எண் பெற்றவையும் பல்வேறு கார்களின் பாகங்களால் கட்டிய கிட் கார்களும் பொதுவாக ‘பெரிதும் மாற்றப்பட்டவை’ என்றே கருதப்படுகின்றன. வரலாற்று வாகனமாகப் பதிவாகி, கடந்த 30 ஆண்டுகளில் மாற்றம் காணாதவைக்கு மட்டும் விலக்கு உண்டு.

அமெரிக்காவில் பதிவு

அமெரிக்காவில் உரிமைச் சான்றை மாநிலங்கள் வழங்குவதால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் கிட் கார் ‘தனிச்சிறப்பாகக் கட்டிய வாகனம்’ என்ற வகையில் பதிவாகிறது. அங்கே எஸ்.பி.100 என்ற சட்டம் ஆண்டுக்கு 500 வாகனங்களுக்கு மட்டும் ஒரு சலுகை தருகிறது: புகைக் கட்டுப்பாட்டுக்காக, அந்தக் கார் எந்த ஆண்டுக் காரைப் போலத் தோன்றுகிறதோ அந்த ஆண்டையோ, இன்ஜினின் ஆண்டையோ கணக்கில் எடுக்கலாம். எந்தக் காரையும் ஒத்திராவிட்டால் 1960-ஆம் ஆண்டு. ஒரு கோப்ரா நகல் இதன்மூலம் 1965-இன் புகை விதிக்குள் வரலாம். ஆனால் சான்றில் அது 1965-ஆம் ஆண்டுக் கோப்ரா ஆகிவிடாது.

முழுதாகக் கட்டிய நகலை நிறுவனமே விற்க 2015 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் வழி திறந்தது. உலக அளவில் ஆண்டுக்கு 5,000 வாகனங்களுக்கு மேல் தயாரிக்காத சிறு நிறுவனங்கள், குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முந்தைய கார்களின் நகல்களை ஆண்டுக்கு 325 வரை அமெரிக்காவில் விற்கலாம். நவீன மோதல் பாதுகாப்பு விதிகளிலிருந்து அவற்றுக்கு விலக்கு உண்டு. புகை விதிகளிலிருந்து இல்லை. வடிவத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இது எந்தக் காரின் நகல் என்று அறிவிக்கும் நிரந்தரச் சீட்டும் வாகனத்தில் இருக்க வேண்டும். இதற்கான விதிமுறைகளை வெளியிடப் பல ஆண்டுகள் தாமதமானதால் வாகன உதிரித் தொழில் அமைப்பான செமா வழக்குத் தொடுக்க நேர்ந்தது; விதிகள் 2021-இல்தான் நடைமுறைக்கு வந்தன.

வடிவம் யாருடையது?

பதிவெண் கிடைத்துவிட்டால் மட்டும் நகல் பாதுகாப்பானது ஆகிவிடாது. 1984-இல் தொடங்கிய ‘மியாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் ஓட்டிய கருப்பு ஃபெராரி டேட்டோனா ஸ்பைடர், உண்மையில் ஷெவர்லே கார்வெட்டின் அடிப்பகுதியில் கட்டிய நகல். ஃபெராரியின் எதிர்ப்புக்குப் பிறகு மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் அந்தக் காரைக் கதையிலேயே வெடிக்கச் செய்தார்கள். அதன் இடத்தில் அசல் டெஸ்டரோஸா வந்தது.

திரைக்கு வெளியே போராட்டம் நீதிமன்றத்தில் நடந்தது. டென்னஸியில் ராபர்ட்ஸ் என்பவர் டேட்டோனா ஸ்பைடரின் நகலை ‘மியாமி ஸ்பைடர்’ என்ற பெயரில் சுமார் 8,500 டாலருக்குக் கிட்டாக விற்றார். கட்டி முடித்த கார் சுமார் 50,000 டாலர். அப்போது அசலின் விலை 10 முதல் 20 லட்சம் டாலர். வாங்குபவருக்கு இது நகல் என்று நன்றாகவே தெரியும், ஏமாற்று எதுவும் இல்லை என்பது அவர் வாதம். 1991-இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாலையில் பார்ப்பவர்கள் அசலென்று எண்ணிக் குழம்புவதும், அசலின் அருமை மங்குவதும் தீங்கே என்று அது கூறியது. தீர்ப்பு ஒருமனதானது அல்ல. ஒரு நீதிபதி மாறுபட்டார்.

போன்டியாக் விற்பனையாளர்களிடமே கிடைத்த ஃபியரோ மேரா என்ற கார் ஃபெராரி 308-இன் சாயலைக் கொண்டிருந்தது. அதுவும் ஃபெராரியின் வழக்கால் 1988-இல் நின்றது. அதற்குள் சுமார் 250 கார்கள் வெளிவந்திருந்தன.

ஐரோப்பாவில் பதிப்புரிமை என்ற ஆயுதம் கூர்மை அடைந்திருக்கிறது. 2019-இல் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வைக் கலைப்படைப்பாக ஏற்று, மொடெனாவில் ஒரு நிறுவனம் நகல் தயாரிப்பதைத் தடுத்தது. ஸ்வீடனில் ஜாகுவார் சி-டைப்பின் நகலைக் கட்டிய ஒரு தம்பதியின் மீது ஜாகுவார் லேண்ட்ரோவர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2020-இல் தம்பதி தோற்றார்கள், பின்னர் மேல்முறையீட்டில் வென்றார்கள். 53 மட்டுமே தயாரான அந்தக் காருக்கு 1951, 1953 லெ மான் வெற்றிகள் ஈட்டித் தந்த புகழைப் பல்லாண்டுகள் உயிரோடு வைத்திருந்ததில் இத்தகைய ஆர்வலர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

சின்னம் ஒட்டுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 2019 ஜூலையில் பிரேசிலின் இட்டஜாயி நகரில் ஃபெராரி, லம்போர்கினி நகல்களைக் கட்டிய பட்டறையைப் போலீஸார் சோதனையிட்டு மூடினர். 2022-இல் இத்தாலியின் ஆஸ்டி பகுதியில் ஃபெராரி எஃப்430 போல மாற்றப்பட்டிருந்த ஒரு டொயோட்டா பறிமுதல் ஆனது.

மதிப்பு

அசலுக்கும் நகலுக்கும் இடையே உள்ள விலை இடைவெளியே இத்தொழிலின் அடிமண். 1962 முதல் 1967 வரை கட்டிய கோப்ராக்கள் ஏறத்தாழ 1,000. அவற்றில் முதலாவதான சி.எஸ்.எக்ஸ்.2000, கோப்ராவை உருவாக்கிய கேரல் ஷெல்பி இறக்கும்வரை அவரிடமே இருந்தது. 2016 ஆகஸ்டில் மான்டெரி ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 2018-இல் 4.84 கோடி டாலர் ஈட்டியது. அந்தத் தோற்றத்தை ஒரு நடுத்தரக் குடும்பம் தொட வேண்டுமானால் நகலைத் தவிர வழியில்லை.

நகலின் விலையை நிர்ணயிப்பவை வேறு காரணிகள். முதலாவது கட்டிய தரம். வீட்டில் கட்டிய பெரும்பாலான கிட் கார்கள், பாகங்களுக்கும் பெயின்டுக்கும் போட்ட பணத்தைத் திருப்பித் தருவதில்லை. உழைத்த நேரத்துக்குக் கூலி கணக்கிட்டால் இழப்பு இன்னும் பெரிது. இரண்டாவது தயாரிப்பாளரின் பெயரும் அனுமதியும். தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் கோப்ராக்கள் ஷெல்பியின் அனுமதி பெற்றவை என்பதால் சந்தையில் தனி மதிப்போடு நிற்கின்றன. அமெரிக்காவின் ஃபாக்டரி ஃபைவ் நிறுவனத்தின் கிட்டுகளும் நன்கு அறியப்பட்டவை. அவற்றுக்குப் பாகங்களும் அனுபவசாலிகளும் எளிதில் கிடைக்கிறார்கள்.

மூன்றாவது பதிவெண். பிரிட்டனில் ஒரே கிட்டிலிருந்து, ஒரே தரத்தில் கட்டிய இரண்டு கார்களில் வயது காட்டும் எண் உள்ளதைத் தேடி வாங்குவார்கள். கியூ எண் உள்ளதைத் தயக்கத்தோடு பார்ப்பார்கள். கட்டிய கையின் திறமைக்கும் அந்த எழுத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். தொடக்கத்தில் சில ரசீதுகளைப் பத்திரப்படுத்தாத குறையே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நான்காவது புகழ். 1986-இல் வந்த ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ படத்தில் தோன்றிய ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா உண்மையில் மொடெனா டிசைன் நிறுவனம் கண்ணாடியிழையில் செய்த நகல். அவற்றில் ஒன்று 2020 ஜனவரியில் 3,96,000 டாலருக்கு ஏலம் போனது. அசல் கலிபோர்னியா ஸ்பைடர் ஒன்றுக்கு 2015-இல் பாரிஸில் கிடைத்தது 1.63 கோடி யூரோ. ‘தி தாமஸ் கிரவுன் அஃபேர்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மேயர்ஸ் மாங்க்ஸ் 2020 மார்ச்சில் 4,56,000 டாலர் பெற்றது. ஒரு கிட் காருக்குச் சொந்த வரலாறு அமைந்துவிட்டால் அதற்கும் அசலுக்குரிய மரியாதை கிடைக்கிறது.

ஐந்தாவது காரணி காலத்தின் திருப்பம்: டோனர் காரே அரிய பொருளாகிவிட்டது. ஜி.டி.ஓ. நகலுக்காக 240 இசட் கார்களை அறுத்த நாட்களில் அவை மலிவான பழைய கார்கள். 2020 ஜனவரியில், குறைவாக ஓடிய 1970-ஆம் ஆண்டு 240 இசட் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலர் பெற்றது. பாடி மாற்றத்துக்குப் பலியான நல்ல கார்களை நினைத்து இன்று வருந்துபவர்கள் பலர். வெளித் தகடுகளைப் பத்திரமாக எடுத்து வைத்து, கூட்டை வெட்டாமல் செய்த மாற்றங்களுக்குக் கூடுதல் மதிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை மறுபடியும் அசல் உருவுக்குத் திருப்பலாம்.

காப்பீடும் வாங்குபவர் பார்க்க வேண்டியவையும்

சாதாரணக் காப்பீடு சந்தை விலையை வைத்துக் கணக்கிடும். நகல் காருக்கு அப்படியொரு பட்டியல் விலை இல்லாததால், காப்பீட்டு நிறுவனத்தோடு முன்கூட்டியே தொகையைப் பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்த மதிப்புக் காப்பீடே உகந்தது. பதிவில் டொயோட்டா என்று இருப்பதால் பாடி மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது பெருந்தவறு. பிரிட்டனின் 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான விடை தராமல் இருக்க நியாயமான கவனம் காட்டுவது காப்பீடு எடுப்பவரின் கடமை. தெரிந்தே மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

வாங்கச் செல்பவர் முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ் எண். சேஸிஸில் பொறித்திருப்பதும் பதிவுச் சான்றில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அடுத்து, சேஸிஸ் வெட்டப்பட்டதா, அப்படியானால் ஒப்புதல் சோதனைச் சான்று எங்கே என்று கேட்க வேண்டும். கட்டும்போது எடுத்த புகைப்படங்கள், கிட் வாங்கிய ரசீது, டோனர் காரின் பழைய ஆவணம் ஆகியவை அடங்கிய கோப்பு இருந்தால் அந்தக் கார் தன் வரலாற்றைத் தானே சொல்லும். சான்றில் ‘ஃபோக்ஸ்வாகன், 1968’ என்று இருப்பது குறை இல்லை. அதே பீட்டில் அடிப்பகுதியின் மேல் நிற்கும் காரை ‘1957 போர்ஷே’ என்று காட்டும் சான்றுதான் ஆபத்து; அந்தப் பொய்யை முதலில் எழுதியவர் எப்போதோ போயிருப்பார், கடைசியாக வாங்கியவரே பதில் சொல்ல நேரும்.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்குக் கதவு ஏறத்தாழ மூடியே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. கேரளத்தில் எழுந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆர்.டி.ஓ. அனுமதியுடன் நிறத்தை மாற்றலாம். டொயோட்டாவை ஃபெராரி ஆக்க முடியாது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும் தனிப் பதிவு வரிசையை அறிமுகப்படுத்தியது. 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் இது கிடைக்கிறது; மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக்கூடாது. பழைய அம்பாசடரையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ அதன் சொந்த உருவில் மீட்டெடுப்பவருக்கு இந்த வரிசையில் இடம் உண்டு. அதே காரின்மேல் வேறு பாடி ஏற்றியவருக்கு இல்லை.